அளவு பொருந்தினால் பழைய துணியும் எடுப்புதான்

கேள்வி: எனக்கு வயது 23. கோவையில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. சம்பளம் 15,000. ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் போக, துணிக்கென்று மாதம் 700 ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியவில்லை. உடன் வேலை செய்பவர்கள் அழகாக உடுத்தி வருகிறார்கள். நான் ஆன்லைனில் மலிவாக வாங்கிய ரேயான் குர்த்திகள் நாலு துவைப்பில் தொங்கிப்போகின்றன. செகண்ட்ஹேண்ட் துணி, எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் வாங்கலாமா? அம்மாவின் பழைய சேலைகளில் டாப் தைத்துக்கொள்ளலாமா? "அடுத்தவங்க உடுத்துன துணி நமக்கு எதுக்கு?" என்று அம்மா தடுக்கிறார். தையல் மெஷின் வாங்கிக் கற்றுக்கொள்ளவும் ஆசை. தை மாதம் பெரியப்பா மகள் கல்யாணம் வேறு வருகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

மாதம் 700 ரூபாய் குறைவான தொகைதான். ஆனாலும் அதை வைத்துக்கொண்டு நன்றாக உடுத்த முடியும். இப்போது அந்தப் பணம் முழுக்கத் துணிக்கடைக்குப் போகிறது. இனிமேல் அதில் பாதியைத் தையல்காரருக்குக் கொடுங்கள். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவதில் முக்கியமானது அதுதான். மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்.

உங்கள் அலுவலகத்தில் யாராவது நல்ல உடுப்பில் வந்தால் ஒரு நிமிடம் கவனித்துப் பாருங்கள். தோள்பட்டை எலும்பு எங்கே முடிகிறதோ, சட்டையின் தோள் தையலும் அங்கேயே முடிந்திருக்கும். அக்குளில் துணி கொத்தாகச் சேர்ந்திருக்காது. கை நீளம் ஒரு தீர்மானத்தோடு நின்றிருக்கும். விலைச்சீட்டு யார் கண்ணுக்கும் தெரியாது, இவை மூன்றும்தான் தெரியும். திருப்பூரில் ஏற்றுமதி ஆலையில் செக்கிங் பிரிவில் இருந்துவிட்டு, பிறகு தையல் கடையும் வகுப்பும் நடத்த வந்தவள் நான். விலை உயர்ந்த துணி தோளில் இறங்கிப்போய்ப் பரிதாபமாக நிற்பதையும், ஐம்பது ரூபாய் ஆல்ட்ரேஷனில் சாதாரண டாப் ஒன்று மிடுக்காக மாறுவதையும் வருடம் முழுக்கப் பார்க்கிறேன்.

அதனால் முதல் வேலையாக ஓர் இஞ்ச் டேப் வாங்கிக் கைப்பையில் போட்டுவையுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே மிகச் சரியாகப் பொருந்தும் டாப் ஒன்றை எடுத்து, கட்டிலில் சுருக்கமில்லாமல் விரித்து அளந்துகொள்ளுங்கள். தோளிலிருந்து தோள், ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள், இடுப்பு, கை நீளம், மொத்த நீளம். போனில் குறித்துக்கொள்ளுங்கள். இனி எதை வாங்கினாலும் அதை விரித்து இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எம், எல், எக்ஸ்எல் என்ற எழுத்துகளை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய துணி விற்பவர்களிடம் ஆன்லைனில் வாங்கும்போதும் இதே அளவுகளைக் கேளுங்கள். டேப்பை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்வதில் தப்பே இல்லை.

எதைச் சரிசெய்யலாம், எதைச் செய்ய முடியாது என்று தெரிந்திருந்தால் பாதிப் பணம் மிச்சம். பக்கவாட்டில் பிடிப்பது, நீளம் குறைப்பது, கை குறைப்பது எல்லாம் எளிய வேலைகள். ஜீன்ஸ் இடுப்பு பின்னால் பிளந்துகொண்டு நின்றால் நடுத்தையலில் பிடித்துவிடலாம். தோள் ஓர் இஞ்சுக்கு மேல் இறங்கியிருந்தால் மட்டும் வாங்காதீர்கள். தோளைக் குறைக்கக் கையைப் பிரித்து, கை பொருத்தும் வளைவான ஆர்ம்ஹோலை மறுபடி வெட்ட வேண்டும். கூலி, டாப்பின் விலைக்கு மேல் போய்விடும். கழுத்து அகலமாக இருந்தாலும் அப்படித்தான். மார்பில் இறுக்கமாக இருந்தால் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இரு பக்கமும் ஓர் இஞ்ச் துணி விட்டுத் தைத்திருந்தால் பிரித்துவிடலாம். நூல் பிரியாமல் இருக்க ஓரத்தை ஒட்ட வெட்டிச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் அடித்திருந்தால் பிரிக்க ஒன்றுமில்லை. மலிவு விலைக் குர்த்திகளில் பெரும்பாலும் இந்த விடுதுணி இருக்காது. துணியை மிச்சம் பிடித்துத்தான் அந்த விலைக்கு அவர்களால் கொடுக்க முடிகிறது.

தொங்கிப்போகிற ரேயானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரேயான் நனைந்தால் பலம் குறையும். ஈரத்தோடு ஹேங்கரில் மாட்டினால் தன் எடையிலேயே நீளும். முறுக்கிப் பிழியாமல், இரண்டாக மடித்துக் கொடியில் போட்டு, நிழலில் காயவையுங்கள். இப்போது இருப்பவற்றை அப்படிக் காப்பாற்றலாம். புதிதாக வாங்குவதைக் காட்டனாகப் பாருங்கள்.

இனி எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ். கோவையில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள் என்பதே பாதி பதில். திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே காதர்பேட்டை. பனியன் கடைகள் வரிசையாக இருக்கும். வெளிநாட்டு ஆர்டரில் மிஞ்சியது, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனி கழித்துக் கட்டியது, உள்ளூர்ச் சந்தைக்கென்றே தைத்தது எல்லாம் அங்கே ஒரே குவியலில் கிடக்கும். மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கண் வேண்டும். லேபிளை வெட்டியிருந்தாலே எக்ஸ்போர்ட் என்று நம்பிவிடாதீர்கள்.

டி-சர்ட்டை எடுத்தால் நான் முதலில் பார்ப்பது தையலை. இரண்டு தோள்களையும் பிடித்துத் தொங்கவிடுங்கள். பக்கத் தையல் அக்குளிலிருந்து நேராகக் கீழே இறங்க வேண்டும். ஒரு பக்கம் முன்னாலும் மறுபக்கம் பின்னாலும் திருகிக்கொண்டு போனால் வைத்துவிடுங்கள், துவைக்கத் துவைக்க இன்னும் திருகும். அடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஊசித் துளைகளைத் தேடுங்கள். பின்னலாடையில் கழுத்துத் தையலையொட்டி ஊசி ஒரு கண்ணியை அறுத்திருந்தால், முதல் துவைப்பிலேயே ஓட்டை விரியும். கழுத்துப் பட்டியை லேசாக இழுத்துவிட்டுப் பாருங்கள், பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். எண்ணெய்க் கறை சின்னதாக இருந்தால் பயமில்லை, பாத்திரம் துலக்கும் திரவத்தை வைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் போகும். முன்பாகத்துக்கும் கைக்கும் நிறம் லேசாக மாறியிருப்பது கடை விளக்கில் தெரியாது. வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

நெய்த துணிக்கு ஈரோடு. திங்கள் மாலை தொடங்கி செவ்வாய் வரை ஜவுளி வாரச்சந்தை நடக்கும். மொத்த வியாபாரம்தான், ஆனாலும் ஹாஸ்டல் தோழிகள் நாலு பேர் சேர்ந்து போனால் ஒரு கட்டாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். கோவைக்குள்ளேயே வேண்டுமென்றால் டவுன்ஹால் பக்கம் போய்க் கட்பீஸ் கேளுங்கள். துணிச் சுருளின் கடைசியில் மிஞ்சும் ஒன்றரை, இரண்டு மீட்டர் துண்டுகளைக் குறைத்துக் கொடுப்பார்கள். முழங்கை வரை கை வைத்த ஒரு டாப்புக்கு 44 இஞ்ச் அகலத் துணி இரண்டேகால் மீட்டர் போதும். 36 இஞ்ச் அகலமாக இருந்தால் அதற்கு மேல் தேவைப்படும், அகலத்தைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். காட்டன் துணியைத் தைக்கக் கொடுக்கும் முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைப்பது கட்டாயம். தைத்த பிறகு சுருங்கினால் தையல்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. லைனிங் துணிக்கும் இதே கணக்குதான். பலர் மேல்துணியை நனைத்துவிட்டு லைனிங்கை மறந்துவிடுகிறார்கள். பிறகு உள்ளே இழுத்து வெளியே சுருக்கம் விழும்.

அம்மாவின் ஆட்சேபணைக்கு வருகிறேன். அதை நான் அலட்சியமாக நினைக்கவில்லை. இல்லாமையால் அடுத்தவர் துணியை உடுத்த வேண்டியிருந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு அது வலிக்கும். பிள்ளை சம்பாதிக்கிறாள், புதிதாக உடுத்தட்டும் என்ற ஆசையும் அந்தப் பேச்சில் இருக்கும். அவரோடு வாதாட வேண்டாம். பிறந்த குழந்தையை முதலில் எந்தத் துணியில் சுற்றினார்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். நம் வீடுகளில் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியிலும் சேலையிலும்தான் பச்சைப்பிள்ளையைச் சுற்றுகிறோம். தூளி கட்டுவதும் பாட்டியின் நூல்சேலையில்தான். அக்கா பாவாடை தங்கைக்கு வந்தது, அத்தை மகளின் தாவணி நமக்கு வந்தது, யாரும் அதை இழுக்கு என்று நினைத்ததில்லை. பழைய துணியை மூட்டை கட்டிப் பாத்திரக்காரரிடம் போட்டு ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கிக்கொண்டோமே, அந்த மூட்டையில் எத்தனை நல்ல துணி போயிருக்கும்!

அம்மா மனம் சங்கடப்படாமல் தொடங்க ஒரு வழி உண்டு. முதலில் தெரிந்தவர்களிடமிருந்து மட்டும் வாங்குங்கள். ஹாஸ்டல் தோழிகளிடம் போடாமல் கிடக்கும் துணிகளை ஒருநாள் கட்டிலில் கொட்டி மாற்றிக்கொள்ளுங்கள். உடம்பு மெலிந்தோ பருத்தோ ஒருத்திக்குச் சேராமல் போனது இன்னொருத்திக்குச் சேரும். வெளியில் வாங்கினால் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அலமாரியில் வைக்காமல் நேராகத் துவைக்கப் போடுங்கள். காட்டன் என்றால் சுடுநீர், சோப்பு, உள்பக்கம் திருப்பி நல்ல வெயில், பிறகு தையல் மடிப்புகளில் அழுத்தி இஸ்திரி. இவ்வளவு செய்தால் பயப்பட ஒன்றுமில்லை. உள்ளாடை, சாக்ஸ், நீச்சல் உடை இவற்றை மட்டும் எப்போதும் புதிதாகவே வாங்குங்கள். அக்குளில் மஞ்சளேறி விறைத்துப்போன துணியைத் தொடவே வேண்டாம், அந்தக் கறை கடைசிவரை இருக்கும்.

அம்மாவின் சேலைகள் என்று நீங்கள் போகிறபோக்கில் ஒரு வார்த்தை எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல கடை அந்தப் பீரோதான். இன்றைக்கு அதே தரத்தில் நூல்சேலை வாங்க வேண்டுமென்றால் உங்கள் இரண்டு மூன்று மாத ஒதுக்கீடு போய்விடும். ஊருக்குப் போகும்போது ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். சுங்குடி, நெகமம் காட்டன், கோரா காட்டன் எதுவாக இருந்தாலும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நைந்த இடம் கொசுவலை மாதிரி வெளிச்சத்தை விடும். பிறகு இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் வைத்து நெடுக்காகவும் குறுக்காகவும் மெல்ல இழுங்கள். இழை விலகிக்கொண்டு நின்றால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். வழக்கமாக நைவது ஃபால்ஸ் அடித்த கீழ் ஓரமும், முந்தானையில் பின் குத்திய இடமும், உட்கார்ந்து எழுகிற சுற்றும்தான். அவற்றைத் தள்ளி வெட்டினாலும் ஐந்தரை மீட்டரில் தாராளமாகத் துணி தேறும்.

கணக்கு இப்படி வரும். சேலையின் அகலம் ஏறக்குறைய 45 இஞ்ச், உங்கள் குர்த்தியின் நீளமும் அதற்குள்தான் இருக்கும். எனவே சேலையைக் குறுக்காக வைத்து, கரை அடிப்பக்கம் வரும்படி வெட்டச் சொல்லுங்கள். கீழே மடித்துத் தைக்கும் வேலையே இல்லை, நெசவாளர் நெய்த கரையே ஹெம் ஆகிவிடும். 36 இஞ்ச் மார்பளவுக்கு முன்பாகம், பின்பாகம், கை எல்லாம் சேர்த்து இரண்டு மீட்டர் போதும். மிச்சம் மூன்று மீட்டர் சொச்சத்தில் சுருக்கு வைத்த நீளப்பாவாடை ஒன்று, அல்லது வேறொரு சாதா டாப்புக்கு மேட்சாக ஒரு துப்பட்டா. கரையைக் கழுத்திலும் வைத்து, கையிலும் வைத்து, கீழேயும் வைத்துத் தைக்காதீர்கள். ஓர் இடத்தில் மட்டும் இருக்கட்டும். பழைய சேலையில் தைத்தது பழைய சேலை மாதிரியே தெரிவது எல்லா இடத்திலும் கரை வைப்பதால்தான். கழுத்து எளிமையாக, உடல் நேராக, கரை கீழே மட்டும் என்று தைத்தால் பூட்டிக்கில் வாங்கினீர்களா என்று கேட்பார்கள். அலுவலகத்துக்கு லைனிங் வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள், மெலிந்த துணிக்கு அது ஆயுளைக் கூட்டும்.

சுங்குடி மாதிரிச் சாயம் போகிற சேலைகளை வெட்டும் முன் தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள், தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப. இது ஏறக்குறைய எல்லோரும் தாண்டிப்போகிற வேலை. வெள்ளை லைனிங்கில் சாயம் இறங்கிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

பட்டுச்சேலையை மட்டும் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். அம்மாவின் கல்யாணப் பட்டாக இருந்தால் அது அசல் ஜரிகையாக இருக்கலாம். கரையின் உள்பக்கம் ஒரு ஜரிகை இழையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும், பெரும்பாலும் அசலுக்கு அது அடையாளம். வெள்ளிக்கம்பியைப் பட்டு நூலில் சுற்றித் தங்க முலாம் போட்டது அது. "பழைய பட்டு எடுக்கிறோம்" என்று வருபவர்கள் அந்த வெள்ளிக்காகத்தான் வருகிறார்கள். விற்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். மடிப்பிலேயே இற்றுப்போகாமல் இருக்க, ஹேங்கரில் தொங்கவிடாமல் பழைய வேட்டியில் சுற்றி வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போடுங்கள். மடிப்புக்கோட்டில் ஏற்கெனவே கிழிந்து, கட்டவே முடியாமல் போன பட்டென்றால் அது வேறு கதை, அதன் கரையைப் பிரித்து வேறொரு சேலைக்கு வைக்கலாம்.

மெஷின் ஆசை நல்ல ஆசை. ஆனால் உடனே வாங்க வேண்டாம். முதல் மூன்று மாதம் கையால் தையுங்கள். ஹெம்மிங், பட்டன் வைப்பது, கொக்கி மாற்றுவது, ஓட்டுத்தையல், பின்தையல் இவை வந்துவிட்டாலே உங்கள் ஆல்ட்ரேஷன் செலவில் பெரும்பங்கு குறைந்துவிடும். ரெடிமேட் சட்டையின் பிளாஸ்டிக் பட்டன்களைக் கழற்றிவிட்டு மரப் பட்டனோ சிப்பிப் பட்டனோ வைத்துப் பாருங்கள், சட்டையின் முகமே மாறும். பிறகு பக்கத்தில் நடக்கும் தையல் வகுப்பில் சேர்ந்து அவர்களுடைய மெஷினில் பழகுங்கள். பிடித்துப்போய்த் தொடர்வீர்கள் என்று தோன்றினால், கால்மிதி வைத்த பழைய மெஷின் ஒன்றை ரிப்பேர் கடையில் தேடுங்கள். அந்த இரும்புத் தலை தலைமுறைக்கு உழைக்கும், உதிரிபாகம் எல்லா ஊரிலும் கிடைக்கும். வாங்கும் முன் உங்கள் துணியையே இரண்டாக, நாலாக மடித்துக் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். இரண்டு தடிமனிலும் தையல் விட்டுப்போகாமல், அடிநூல் சிக்காமல் வர வேண்டும். ஆன்லைனில் பொம்மை மாதிரி விற்கும் சின்ன பேட்டரி மெஷினில் பணத்தைப் போடாதீர்கள். ஜீன்ஸ் ஓரம்கூட மடித்துத் தைக்க வராது.

நிறங்களைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன். கீழே உடுத்துவதை மூன்று நிறத்தோடு நிறுத்துங்கள், கறுப்பு, சந்தனம், கருநீலம். இந்த மூன்றில் இரண்டோடாவது சேராத டாப்பை வாங்காதீர்கள். திரும்பத் திரும்ப அதையே போடுகிறாய் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். வாரம் ஒருமுறை ஒரே உடுப்பில் வருவது கௌரவக் குறைவு என்று நம்பவைத்தது விற்பவர்கள்தான். அதற்காக 199 ரூபாய்க்கு ஒரு குர்த்தி விற்கப்படும்போது, உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டில் அதைத் தைத்த பெண்ணுக்கு அதிலிருந்து என்ன போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனசே ஆறுவதில்லை. உங்கள் தெருமுனையில் தைப்பவருக்கு நீங்கள் கொடுக்கும் கூலி நேராக அவர் கைக்குப் போகிறது.

முதல் மூன்று மாதத்துக்கு உங்களிடம் 2,100 ரூபாய் இருக்கிறது. எங்கள் பக்கம் இப்போது ஆல்ட்ரேஷன் 50 முதல் 100 வரை, லைனிங் இல்லாத சாதா டாப்புக்குக் கூலி 300 முதல் 400 வரை. இருக்கிற நாலு நல்ல டாப்பைப் பிடித்துச் சரிசெய்ய 300. அம்மாவின் சேலை ஒன்றில் லைனிங்கோடு ஒரு குர்த்தி, லைனிங் துணியும் சேர்த்து 600. காதர்பேட்டைக்கு ஒருமுறை போய்வந்து இரண்டு மூன்று நல்ல காட்டன் டி-சர்ட், பஸ் செலவோடு 600. மிச்சம் 600-ஐக் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்குப் புதுச்சேலை தேவையே இல்லை. அம்மாவிடம் பட்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், ஒரே ஒரு ஜாக்கெட் மட்டும் புதிதாக உங்கள் அளவுக்குத் தைத்துக்கொள்ளுங்கள். பழைய பட்டும் கச்சிதமான புது ஜாக்கெட்டும் சேர்ந்தால் பார்க்கிறவர் கண்ணுக்குப் புதுசாகத்தான் தெரியும். சேலையின் கரை நிறத்தில், வேலைப்பாடு இல்லாத ஜாக்கெட்டாகத் தையுங்கள். அதே ஜாக்கெட் பிறகு வேறு மூன்று நாலு சேலைக்கும் ஆகும். துணியை இருட்டில் தேர்ந்தெடுக்க வேண்டாம், சேலையைக் கையோடு எடுத்துப்போய்ப் பகலில் மேட்ச் பாருங்கள். இடையில் உடம்பு ஏறி இறங்கினால் பிரித்துக்கொள்ள, பக்கத்தில் ஓர் இஞ்ச் உள்ளே விடச் சொல்லுங்கள்.

தையில் கல்யாணம் என்றால் கார்த்திகை கடைசியிலேயே கொடுத்துவிடுங்கள். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, ஆனால் பொங்கலுக்கு முந்தைய இரண்டு வாரம் எந்தத் தையல் கடையிலும் நிற்க இடமிருக்காது. மார்கழி முதல் வாரம் போய், சேலையையும் கட்டிக்கொண்டு ட்ரையல் பாருங்கள். கையைத் தூக்கியும், குனிந்தும், உட்கார்ந்தும் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்ன பிறகு மீதிக் கூலியைக் கொடுங்கள்.